இருபத்து மூன்றாவது டேப்

ஜனவரி 12

அன்புத் தம்பி பூச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் கண் எப்படி இருக்கிறது? நாள் முழுக்கத் திரையை வெறிக்கிற வேலை உனக்கு. போன முறையே கண்ணாடியை மாற்றச் சொன்னேன், மாற்றியிருக்க மாட்டாய். டாக்டர் எழுதிய சீட்டை அனுப்பு, நானே லென்ஸ் போட்டு அனுப்புகிறேன். பன்னிரண்டு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் நிற்பவளுக்கு இதுகூட முடியாதா?

போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ "சரிங்க அண்ணி, சரிங்க அண்ணி" என்றே முடித்துவிடுகிறாய். எதற்குச் சரி சொன்னாய் என்று உனக்கே தெரியாது. அதனால்தான் பார்சலோடு இந்தக் காகிதமும்.

பார்சலில் முப்பத்தெட்டு டேப் இருக்கிறது. கேமராவும் இருக்கிறது, பழைய துண்டில் சுற்றியது. உன் அண்ணன் பேச்சுப் பயிற்சி செய்ததெல்லாம் அதில் இருக்கிறது. அந்த மூன்று வருஷத்தில் நீ வந்தது இரண்டே முறை, உன்னைக் குறை சொல்லவில்லை, அதனால் உனக்கு முழுதும் தெரியாது. பக்கவாதம் வந்து பேச்சு போனதும், பயிற்சி கொடுத்த அம்மா, "வாரத்துக்கு ஒரு நாள் வீடியோ எடுத்து வைங்க. இவருக்கு முன்னேற்றம் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வீடியோவுக்குத் தெரியும்" என்றார். ஒவ்வொரு புதன்கிழமையும் கால் மணி நேரம். சாப்பாட்டு மேசைக்கு எதிரே அலமாரியில் கேமராவை வைத்துவிடுவேன்.

ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் மைக்கில் பேசியவர். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வராது. ஆனால் "வண்டி இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது" என்று கணீரென்று சொல்லுவார்! நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவேன். எங்களுக்குள் அப்படி ஒரு பாஷை ஆகிவிட்டது. கடைசியில் அறுபது வார்த்தை வரை வந்தார். அதற்குள் பக்கவாதம் இரண்டாவது முறை வந்து, போயே போய்விட்டார்.

இப்போது கேமரா சில டேப்பை விழுங்கிக்கொண்டு திருப்பித் தர மறுக்கிறது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடு. என் கம்ப்யூட்டர் கிழடு, அதில் இடம் இல்லை, அதனால் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். சுருக்கு. ஆனால் அவர் முகம் கெடக்கூடாது.

ஒரே ஒரு வேண்டுகோள். இருபத்து மூன்றாவது டேப்பை நீ பார்க்கக்கூடாது. ஓட விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள். அன்று என் போட்டோவைக் காட்டி என் பெயரைக் கேட்டேன். ஒன்றே முக்கால் வருஷம் ஆகியும் அது மட்டும் வரவில்லை. "நடைமேடை" என்றார். நான் விடவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டேன். கோபம் வந்து டம்ளரை என் மேல் எறிந்தார், புருவத்தில் பட்டது. நான் அவரை அறைந்துவிட்டேன். உடம்புக்கு முடியாத மனிதரை, கன்னத்தில். அந்த நிமிடம்தான் அவர் என் பெயரைச் சொன்னார். முதல் முறையாக.

அதனால்தான் அந்த டேப்பை அழிக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன் என்றால், நீ எங்கள் வீட்டுப் பிள்ளை.

உன் அண்ணி

ஜனவரி 30

அன்பு அண்ணிக்கு,

பூச்சி எழுதுறேன். பார்சல் பத்திரமா வந்துச்சு. துண்டைப் பிரிச்சதும் நம்ம வீட்டு வாசனை. கண்ணாடி இன்னும் மாத்தல, திட்டாதீங்க.

கவலையே படாதீங்க. இது டிஜிட்டல் டேப். கேமராவைக் கேபிள்ல கம்ப்யூட்டரோட இணைச்சு ஓட விட்டா, டேப்ல என்ன இருக்கோ அது அப்படியே இறங்கிடும், ஒரு புள்ளிகூடக் குறையாது. ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது, பக்கத்துலயே உட்காரணும். கேமராவுக்குள்ள டேப்பைப் படிக்கற ஹெட்டைச் சுத்தம் பண்ணிட்டேன், இப்போ எந்த டேப்பையும் விழுங்கறதில்ல.

அப்படி இறக்கினா ஒரு டேப்புக்குப் பதிமூணு ஜிபி. உங்க கிழவர் தாங்க மாட்டார். அதுக்குத்தான் சுருக்கறது. நீங்க நினைக்கற மாதிரி அமுக்கித் திணிக்கற வேலை இல்ல அண்ணி. அண்ணனுக்குப் பின்னாடி சுவர் இருக்கு, அது அசையறதே இல்ல. நொடிக்கு இருபத்தஞ்சு தடவை அதையே எழுதி வைக்கணுமா? ஒரு தடவை எழுதினா போதும். மிச்ச இடத்தை எல்லாம் அண்ணனோட உதட்டுக்கும் கண்ணுக்கும் குடுத்துடலாம். அவசரப்படாம ரெண்டு தடவை ஓட்டிச் சுருக்கினா ஒரு டேப் ரெண்டு ஜிபிக்குள்ள அடங்கிடும். எந்தக் கண்ணும் வித்தியாசம் கண்டுபிடிக்காது. கண்ணாடிக் கடைக் கண்ணுகூட.

இருபத்து மூணாவது ஓடினப்போ மானிட்டரை அணைச்சுட்டேன். நீங்க சொன்னதை மறந்தாச்சு. அஞ்சு வருஷம் உங்க கையால சாப்பிட்டுப் படிச்சவன், அந்த நன்றி எங்க போகும்?

உங்க பூச்சி

மார்ச் 21

அன்புத் தம்பி பூச்சிக்கு,

டிஸ்க் வந்து சேர்ந்தது. எவ்வளவு வேலைக்கு நடுவில் செய்திருப்பாய் என்று தெரியும். உட்கார்ந்து முதல் மூன்று டேப்பும் பார்த்தேன். அவர் குரல் கேட்டதும் அடுப்பை அணைக்க மறந்துபோனேன், அது வேறு கதை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. படம் சரியாக இல்லை. அவர் அசையாமல் இருக்கும்வரை பரவாயில்லை. தலையைத் திருப்பினால் முகம் சின்னச் சின்னக் கட்டமாக உடைந்துபோகிறது. கையைத் தூக்கினால் ஓரத்தில் சீப்புப் பல் போல வரி வரியாக நிற்கிறது. குரல் குடத்துக்குள் இருந்து வருகிறது. கேமராவின் சின்னத் திரையில் அவர் முகத்து வெள்ளை முடியை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறேன். இதில் தாடி இருக்கிறதா என்றே தெரியவில்லை.

நாள் முழுக்க வருகிறவர்களிடம் "இது தெளிவா, இதுவா?" என்று கேட்கிற பிழைப்பு என்னுடையது. எனக்கு மங்கல் தெரியும். நீ டேப்புக்கு இரண்டு ஜிபி என்று எழுதியிருந்தாய். இதில் ஒவ்வொன்றும் நூறு எம்பிகூட இல்லையே? அவசரத்தில் வேறு எதையாவது அனுப்பிவிட்டாயா?

நேரம் இருக்கும்போது பார். அவசரம் இல்லை. அவர் எங்கும் போய்விடப் போவதில்லை.

உன் அண்ணி

ஏப்ரல் 9

அன்பு அண்ணிக்கு,

உங்க கண்ணை ஏமாத்த முடியுமா? ஆனா தப்பு சுருக்கினதுல இல்ல அண்ணி, டேப்லயே. ரொம்ப நாள் ஈரத்துல இருந்திருக்கு. மேல பூசியிருக்கற பூச்சு உதிர ஆரம்பிச்சுடுச்சு. அந்தக் கட்டம் கட்டமா வர்றது அதனாலதான். இருக்கறதே அவ்வளவுதான்னும்போது பெருசா வெச்சு என்ன பிரயோஜனம்னு இன்னும் சுருக்கிட்டேன். இனிமே அந்த டேப்பை எந்த மெஷின்ல போட்டாலும் ஹெட் போயிடும். அதைத் திருப்பி அனுப்பறதுல அர்த்தம் இல்ல. இங்கேயே அப்புறப்படுத்திடட்டுமா?

இதோட ஒரு படிவம் வெச்சிருக்கேன். எங்க ஸ்டுடியோ மெஷின்ல வேலை நடந்ததால, அதுல இருக்கற பதிவுகளை ஸ்டுடியோ வெச்சுக்கறதுக்கு உங்க சம்மதம் வேணுமாம். வெறும் சம்பிரதாயம். மூணாவது பக்கத்துல பென்சில்ல குறிச்ச இடத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க.

உங்க பூச்சி

ஏப்ரல் 17

அன்புத் தம்பி பூச்சிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். சின்ன எழுத்தாக இருந்தது, படிக்கவில்லை. நீ சொன்ன பிறகு எதற்குப் படிக்க?

டேப்பை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே. ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அட்டையில் அவர் இடது கையால் எழுதிப் பழகிய எண்கள் இருக்கின்றன. வரும்போது எடுத்து வா. மாடி அறையைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.

படத்தைப் பற்றி இனிக் கேட்க மாட்டேன். மங்கலாகவாவது இருக்கிறாரே.

உன் அண்ணி

ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

பத்து நாளுக்கு முன் ஒரு பெண் கடைக்கு வந்தாள். மூக்கில் அழுத்துகிறது என்று கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். நான் இடுக்கியால் மூக்குத் தாங்கியை வளைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்களை எங்கேயோ பார்த்திருக்கேன்."

"இங்கதான் பார்த்திருப்பீங்க."

"இல்ல, படத்துல. நூலகத்து அரங்குல சனிக்கிழமை சனிக்கிழமை போடறாங்களே, பேச்சு வராத ஒருத்தர் கதை. நீங்கதானே அவரை..." என்று கையைப் பாதி தூக்கிக் காட்டிவிட்டு, சட்டென்று இறக்கிக்கொண்டாள்.

இடுக்கி நழுவி லென்ஸில் கீறல் விழுந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் லென்ஸ். அவள் "பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க" என்றாள். எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை நானும் போனேன். மூன்றாவது வரிசையில் ஓர இடம். ஒரு எழுபது பேர் இருந்திருப்பார்கள். விளக்கு அணைந்தது. முதல் காட்சியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. கதையைச் சொல்லவில்லை தம்பி. தெளிவைச் சொல்கிறேன். சுவரளவு முகம். வெள்ளை முடி ஒவ்வொன்றாக. உதடு ஒரு எழுத்தைத் தேடிக் குவிகிறதே, அந்தக் குவியல். இடது கண் ஓரத்துத் தழும்பு. அவர் தலையைத் திருப்பினார், ஒரு கட்டம் உடையவில்லை. கையைத் தூக்கினார், ஒரு வரி விழவில்லை. மேசை மேல் இருந்த மாத்திரை அட்டையில் இருக்கிற எழுத்தைப் படிக்க முடிந்தது.

ஈரம் எங்கே தம்பி? உதிர்ந்த பூச்சு எங்கே?

ஐந்து மாதமாக நான் அந்த மங்கலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நமக்குக் கொடுத்து வைத்தது இவ்வளவுதான் என்று சமாதானம் ஆகியிருந்தேன். திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து, எனக்கே பார்வை போய்விட்டதோ என்று கடையில் பரிசோதனைகூடச் செய்துகொண்டேன். நல்ல முகத்தை நீ வைத்துக்கொண்டு, கெட்டதை எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

உன் குரல் பின்னால் பேசிக்கொண்டே வந்தது. நல்ல குரல்தான், அண்ணன் சாயல். "மூன்று வருடம் அண்ணனோடு வார்த்தை வார்த்தையாக நடந்தோம்" என்றாய். நடந்தோம் என்றால் யார் யார்?

அப்புறம் இருபத்து மூன்றாவது டேப் வந்தது.

டம்ளர் பறந்தது. திரையில் நான் எழுந்தேன். என் கை போயிற்று. அரங்கம் முழுக்க மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. பக்கத்து இருக்கைக்காரர் "அடிப்பாவி" என்றார். என்னைத்தான். அவர் தோளும் என் தோளும் இடித்துக்கொண்டிருந்தன. பிறகு திரையில் உன் அண்ணன் என் பெயரைச் சொன்னார். அவ்வளவு பெரிய அறையில், அவ்வளவு சுத்தமாக. நீ உடனே திரையைக் கறுப்பாக்கி, இசையைப் போட்டு, படத்தை முடித்துவிட்டாய். எல்லோரும் கை தட்டினார்கள்.

விளக்கு போடும் முன் வெளியே வந்துவிட்டேன். யாராவது என் முகத்தைப் பார்த்துவிடப் போகிறார்களே என்று, என் புருஷனின் முகத்தை விட்டு ஓடி வந்தேன்.

பதில் எழுது. போன் செய்யாதே.

அண்ணி

ஆகஸ்ட் 29

அன்பு அண்ணிக்கு,

உங்க லெட்டரைப் பிரிச்ச கையோட எழுதறேன், யோசிச்சா எழுத மாட்டேன்.

உங்க ஊர்ல போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. படத்தை வாங்கின கம்பெனிதான் எல்லா ஊரும் முடிவு பண்ணுது. தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேன்.

சரி, இது பொய். சொல்லியிருக்க மாட்டேன்.

மானிட்டரை அணைச்சது உண்மை அண்ணி. பத்து நிமிஷம் அணைச்சே வெச்சிருந்தேன். ஸ்பீக்கரை அணைக்கல. டம்ளர் விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அந்த அறை விழுந்த சத்தம். அப்புறம் அண்ணன் குரல். ஸ்டேஷன்ல கேட்ட அதே குரல். மானிட்டரைப் போட்டேன், ரீவைண்ட் பண்ணினேன். அன்னைக்கு அதை எத்தனை தடவை பார்த்தேன்னு கணக்கு இல்ல. இருபது வருஷமா ஊரான் கல்யாணத்தையும் ஊரான் விளம்பரத்தையும் வெட்டி ஒட்டினவன் நான். அப்படி ஒரு நிமிஷம் என் கைக்கு வந்ததே இல்ல.

உங்களைக் கேட்டிருக்கலாம். கேட்டா முடியாதுன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் என்ன பண்ணுவேன்? அவர் உங்களுக்குப் புருஷன். எனக்கும் அண்ணன். நான் அந்த மூணு வருஷம் வரல, ஒத்துக்கறேன். வந்தப்போ எல்லாம் அவர் என்னைப் பார்த்து அழுதார், எனக்குத் தாங்கல, ஓடிட்டேன். இந்தப் படம் பண்ணின அஞ்சாறு மாசம்தான் நான் அவரோட உட்கார்ந்தேன்.

மங்கலா அனுப்பினது வேணும்னேதான். நல்ல பதிவு வெளியில வேற எங்கேயும் இருக்கக்கூடாதுன்னு கம்பெனி எழுதி வாங்கிடுச்சு. அதோட, நீங்க அதைப் பார்த்துட்டா டேப்பைக் கேப்பீங்கன்னு பயம். அந்தப் படிவம் படத்துக்கு உங்க சம்மதம்தான்னு உங்களுக்கு இப்போ புரிஞ்சிருக்கும்.

பக்கவாதம் வந்தவங்க வீட்டுலேர்ந்து எனக்கு லெட்டர் வருது அண்ணி. "நாங்களும் அடிச்சிருக்கோம், வெளியில சொன்னதில்ல" அப்படின்னு எழுதறாங்க. உங்களை யாரும் தப்பா நினைக்கல. அந்த இடம் உங்களுக்குக் கஷ்டமா இருந்தா எடுத்துடச் சொல்லிப் பார்க்கறேன்.

பூச்சி

செப்டம்பர் 6

தம்பிக்கு,

அந்த இடத்தை எடுக்கச் சொல்கிறேன் என்கிறாய். எடுத்தால் என் பெயரும் போய்விடும். அடித்ததும் நான்தான், அவர் கூப்பிட்டதும் என்னைத்தான். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை மறைக்க எனக்கு வராது. நான் அடித்ததை எழுபது பேர் பார்த்ததற்கு வெட்கப்படுகிறேன், ஆனால் அது பொய் என்று சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது வேறு. அந்த டேப் அங்கே முடியவில்லை. உனக்குத் தெரியும். அவர் பெயரைச் சொன்ன பிறகு இன்னும் நான்கு நிமிடம் ஓடுகிறது. கேமரா இருப்பதையே நான் மறந்துவிட்டேன். தரையில் உட்கார்ந்து அவர் மடியில் முகத்தை வைத்து, "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று அழுகிறேன். அவர் அசையாத கையையும் அசைகிற கையால் தூக்கிக்கொண்டு வந்து என் தலையில் வைக்கிறார். என் புருவத்து ரத்தத்தைத் தன் சட்டை நுனியால் துடைக்கிறார். பிறகு ரயில் அறிவிப்பு போலவே, என் பெயரை மூன்று முறை, நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். கடைசி முறை சொல்லும்போது சிரிப்பு வந்துவிடுகிறது அவருக்கு. எனக்கும்.

அதை ஏன் வெட்டினாய்?

கம்பெனியா வெட்டச் சொன்னது, நீயா வெட்டினாய்? இதற்கு மட்டும் பதில் சொல். அப்புறம் முப்பத்தெட்டு டேப், கேமரா, சுருக்காத பதிவு எல்லாம் என் வீட்டுக்கு வர வேண்டும். கம்பெனிக்கு நீ என்ன எழுதிக் கொடுத்தாய் என்பது எனக்குச் சம்பந்தமில்லாதது. நான் என் தம்பிக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணி

செப்டம்பர் 19

அன்பு அண்ணிக்கு,

எல்லாம் அனுப்பிட்டேன். டேப் முப்பத்தெட்டும் எண்ணி வெச்சிருக்கேன். ஹார்டு டிஸ்க்ல இருக்கறது டேப்லேர்ந்து இறக்கினது, கை வைக்காதது. கேபிளும் இருக்கு. உங்க கம்ப்யூட்டருக்கு எப்படிச் சுருக்கணும்னு ஒரு தாள்ல எழுதியிருக்கேன். அதுல பொய் எதுவும் இல்ல.

நீங்க கேட்டதுக்குப் பதில். நான்தான் வெட்டினேன். கம்பெனிக்காரங்க அந்த நாலு நிமிஷத்தைப் பார்க்கவே இல்ல. பெயரோட முடிச்சா படம் நிக்கும், அதுக்கப்புறம் ஓடினா ஜனங்க எழுந்து போற மனநிலைக்கு வந்துடுவாங்கன்னு தோணுச்சு. அது என் தொழில் புத்தி. இப்போ திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். படம் முடிஞ்சாச்சு, இனித் தொட முடியாதுங்கறாங்க.

இது என் முதல் படம் அண்ணி. நாப்பத்து நாலு வயசுல. என் பேர் திரையில வர்றப்போ அண்ணன் பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்னு நினைச்சுக்கறேன். அப்படியில்லன்னா சொல்லிடுங்க.

அடுத்த மாசம் ரெண்டு நாள் லீவு இருக்கு. வரட்டுமா? மாடி அறைகூட வேண்டாம், கூடத்துல பாய் போட்டுக்கறேன். திட்டறதை நேர்ல திட்டுங்க.

உங்க பூச்சி

அக்டோபர் 3

தம்பிக்கு,

எல்லாம் வந்து சேர்ந்தது. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு. நீ எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் டேப்பை நானே சுருக்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே அரை நாள் எடுத்துக்கொண்டது. இரண்டு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. அசலையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை. நீ ஜனவரியில் எழுதியது அத்தனையும் உண்மைதான். செய்யத் தெரிந்துதான் செய்யாமல் விட்டிருக்கிறாய். தெரியாமல் கெடுத்திருந்தால் என் மனசு ஆறியிருக்கும்.

போன சனிக்கிழமை நூலகத்தில் கடைசித் திரையிடல் என்று போட்டிருந்தார்கள். மறுபடியும் போனேன். இந்த முறை முதல் வரிசை. படம் முழுக்கப் பார்த்தேன். நல்ல படம், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் சிரிக்கிற இடங்களை எங்கிருந்தெல்லாமோ தேடி எடுத்திருக்கிறாய். அந்த அறை வந்தபோது கண்ணை மூடவில்லை. பெயர் வந்தது, கறுப்பானது, கை தட்டினார்கள். விளக்கு எரிந்ததும் எழுந்து திரும்பி நின்றேன். பேசப் பழக்கமில்லாதவள், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் படத்துல வர்ற அம்மா நான்தான்," என்றேன். "உட்காருங்க, ரெண்டு நிமிஷம். இதுக்கப்புறம் நாலு நிமிஷம் இருக்கு. அதை நீங்க பார்க்கல."

வாசலுக்குப் போனவர்கள்கூட நின்றார்கள். நான் சொன்னேன். மடி, கை, சட்டை நுனி, மூன்று முறை கூப்பிட்டது, சிரித்தது எல்லாம். நடுவில் அழுகை வந்தது, நிறுத்திவிட்டுச் சொன்னேன். பின் வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார்: "உங்களை மன்னிச்சாராம்மா?"

"அந்த வார்த்தை அவருக்குத் தெரியாதுங்க," என்றேன். "அறுபது வார்த்தையில அது இல்ல. அடுத்த புதன்கிழமை கேமராவை எடுத்து வெச்சேன். பயிற்சி நேரம் வந்ததும் அவரே நாற்காலியை என் பக்கமா இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்."

யாரும் கை தட்டவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

வெளியே வரும்போது வாசலில் கண்ணாடிக்காரப் பெண் நின்றிருந்தாள், அன்று லென்ஸ் கீறியதே, அவள்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு தெரு முனை வரை கூடவே நடந்தாள்.

நீ வர வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை, நான்கு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். அண்ணன் சந்தோஷப்பட்டிருப்பாரா என்று கேட்டிருந்தாய். உன் பெயருக்குச் சந்தோஷப்பட்டிருப்பார். என் பெயரை வைத்து நீ செய்ததற்கு என்ன சொல்லியிருப்பார் என்று நானாக எழுதி வைக்கக்கூடாது. அவர் சொல்லாததை அவர் வாயில் போடுகிற வேலை எனக்கு வேண்டாம்.

முப்பத்தோராவது டேப்பை மட்டும் ஒரு டிஸ்க்கில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீ இரண்டாவது முறை வந்துபோன அன்று எடுத்தது. நீ கிளம்பிய பிறகு அவர் ஜன்னலைப் பார்த்து "பூச்சி, பூச்சி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆறு நிமிடம். உன் படத்தில் அது இல்லை, நீ அதுவரை பார்க்கவில்லையோ என்னவோ. முழுசாக, நன்றாகச் சுருக்கியிருக்கிறேன். ஒரு புள்ளி கெடவில்லை.

தெரு முனையில் அந்தப் பெண் கேட்டாள்:

"படம் எடுத்தவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் வீட்டுக்காரரோட தம்பி."

"ஓ, உங்க கொழுந்தனா?"

"இல்லம்மா," என்றேன். "அவரோட தம்பி."

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி